நாலு சுற்று, இடப்பக்கமாக

"ஒரு சக்கரம்கூட உள்ள வரக் கூடாது!" என்று கத்திக்கொண்டே நெவில் இரண்டு கைகளையும் விரித்தபடி சவ வண்டியின் முன்னால் வந்து நின்றான். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. அதற்குக் கீழே முழங்கால்வரை செம்மண் அப்பிய ரப்பர் பூட்ஸ். பாதி உடம்பு துக்கத்துக்கு வந்திருந்தது, மீதிப் பாதி வேலைக்கு.

வண்டியை ஓட்டிய பாஷ்லி பிரேக்கை அழுத்தினார். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐரிஸ் கொஞ்சம் முன்னால் சரிந்து நிமிர்ந்தாள். பின்னால் பெட்டிக்குள் அவள் கணவர் லென் இருந்தார். பத்தொன்பது வருஷம் இந்த மைதானத்தின் தடத்தைப் பார்த்துக்கொண்டவர். இப்போது அவர் வேலையைப் பார்ப்பவன் நெவில், அவளுடைய சொந்தத் தம்பி.

ஐரிஸ் கதவைத் திறந்து இறங்கினாள்.

"உனக்கு என்னடா பைத்தியமா? உள்ள இருக்கிறது யாருன்னு தெரியுமா?"

"தெரியும்கா. அதனாலதான் சொல்றேன். காலையில பதினோரு மணிவரைக்கும் கொட்டித் தீர்த்திருக்கு. ரெண்டு டன் வண்டி இது மேல நாலு சுத்து சுத்தினா உழுத வயலாட்டம் ஆயிடும். சாயங்காலம் பசங்க எதுல ஓட்டுவாங்க?"

"போன வாரமே சொல்லியாச்சு. நீயும் தலையாட்டினே."

"போன வாரம் வெயில் அடிக்கும்னு நெனச்சேன்."

"இந்த ஊர்லயா?" என்றாள் ஐரிஸ்.

அந்த வருஷம் வாட்டன்பியில் வெயிலை நம்பியவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஏமாந்தார்கள். ஊரின் மோட்டார் சைக்கிள் பந்தய அணிக்கு ஹெரான்ஸ் என்று பெயர், ஊரார் வாயில் அது கொக்குங்க. செம்மண் தடத்தில் இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து நாலு சுற்று, அதுதான் ஒரு ஓட்டம். இரண்டாம் பிரிவில் கிடந்து உழலும் அணி. மேலே போகும் யோக்கியதையும் இல்லை, மூடிவிட்டுப் போகும் மானமும் இல்லை என்று லென் சொல்வார். மார்ச் மாதம் ஆரம்பித்தபோது இந்த வருஷம் நம்ம வருஷம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மே மாதம் கேப்டனுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. ஜூலையில் வேற்று ஊரிலிருந்து ஆள் இரவல் வாங்கினார்கள், இரவல் வந்தவனும் விழுந்தான். ஆகஸ்டில் ஒரு பந்தயத்தின் கடைசி ஓட்டம், கடைசி வளைவு, முன்னால் போனவன் கொக்கு. எல்லாரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தபோது அவன் வண்டியின் செயின் அறுந்தது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

போதாததற்கு மழை. இன்று சாயங்காலம் நடக்க வேண்டிய கடைசிப் பந்தயம் மூன்று தடவை மழையில் நின்றுபோனது. அக்டோபரோடு சீசன் முடிகிறது, நாளை முப்பத்தொன்று. இன்று ஓட்டாவிட்டால் பந்தயமே செல்லாது. ஓட்டி ஜெயித்தால் பட்டியலில் கடைசி இடத்திலிருந்து ஒரு படி மேலே வரலாம். லென் தடத்தைப் பார்த்த பத்தொன்பது வருஷத்தில் கொக்குகள் ஒருதடவைகூடக் கடைசியில் முடிந்ததில்லை.

இதெல்லாம் ஐரிஸுக்கு அத்துப்படி. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் இல்லை. கோடைகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில்கூட அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகாத மனுஷனோடு குடித்தனம் செய்ததில் தானாக ஒட்டிக்கொண்டது.

"அம்மா, ஒண்ணரை மணிக்குத் தகனக்கூடத்துல நம்ம முறை" என்றார் பாஷ்லி, வண்டியிலிருந்து தலையை நீட்டி. "விட்டுட்டா அடுத்தது திங்கட்கிழமைதான். இப்பவே பன்னெண்டே முக்கால்."

கிளப்பை நடத்தும் டெஸ்மண்ட் குடையும் கையுமாக ஓடி வந்தார். அவருக்கு யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது. அதனாலேயே எல்லாருக்கும் அவர்மேல் எரிச்சல்.

"ஐரிஸ், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. தடம் வேணாம். உள்பக்கம் புல்லு இருக்குல்ல, தடத்து ஓரத்துல போட்டிருக்கிற வெள்ளைக் கோடு, அதை ஒட்டினாப்ல புல்லு மேலயே நாலு சுத்து சுத்திடலாம். யாருக்கும் தெரியப்போறதில்லை."

ஐரிஸும் நெவிலும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று காலையிலிருந்து அக்காவும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"வெள்ளைக்கோட்டுக்கு உள்ளயா?" என்றான் நெவில். "கோட்டைத் தாண்டினவனை ஆட்டத்தை விட்டே தூக்கிடுவாங்க. அத்தான் தப்பாட்டம் ஆடிட்டுப் போனார்னு ஊர் பேசணுமா?"

"பெட்டிக்குள்ள இருந்தே எழுந்து வந்து உங்களை அறைவாரு டெஸ்மண்ட்" என்றாள் ஐரிஸ்.

டெஸ்மண்ட் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். மழை பெய்யவில்லை என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"அப்ப தூக்கிட்டு நடக்கலாம்கா" என்றான் நெவில், குரலை இறக்கி. "ஆறு பேர் இருக்கோம்."

"ஒரு சுத்து முந்நூறு மீட்டர். நாலு சுத்து நடக்கிறதுக்குள்ள ஆறு பேர்ல மூணு பேருக்கு நெஞ்சு வலி வரும். அதுவும் இந்தச் சேத்துல. வழுக்கி விட்டா அந்த மனுஷன் கதி என்னடா?"

"ஒரு சுத்து?"

"ஒரு சுத்தா?" ஐரிஸுக்கு மூக்கு விடைத்தது. "ஒரு சுத்துன்னா வேணாம்னு அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு."

சொன்னது ஒன்பது நாளுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை. ஆஸ்பத்திரி ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. லென் அவளைப் பார்க்காமல் அந்த ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பந்தயத்தைக் கெடுக்கத்தான் அது பெய்கிறது என்று அவருக்கு நிச்சயம்.

"நாலு சுத்து, ஐரிஸ்" என்றார் திடீரென்று. மூச்சு இழுத்து இழுத்துப் பேசினார். "என்னைக் கொண்டுபோறப்போ நாலு சுத்து. ஒரு சுத்தோட நிக்கிறவன் வண்டி கெட்டுப்போனவன்."

"சரி."

"இடப்பக்கமா."

"வேற எந்தப் பக்கம்? நாப்பத்தொரு வருஷமா நீங்க வலப்பக்கம் திரும்பி நான் பார்த்ததே இல்லையே. டீயைக்கூட இடப்பக்கமாத்தானே கலக்குறீங்க."

"அந்த வண்டிக்காரனுக்குத் தெரியாது. வலப்பக்கம் திருப்பிடப் போறான். சொல்லிவை. வாக்கு குடு."

கொடுத்தாள். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. போகிற வேளையில்கூடத் தடம், சுற்று, மழை. வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள்.

"அவ்வளவுதானா? எனக்குன்னு சொல்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா?"

லென் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார், "வெள்ளிக்கிழமை மண்ணு எடுத்துட்டு வா."

ஜூன் மாதம் படுக்கையில் விழுந்ததிலிருந்து அதுதான் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியமானால் ஐரிஸ் காலி ஜாம் ஜாடியை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து மைதானத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது வளைவில் ஒரு பிடி மண் அள்ளி வர வேண்டும். லென் படுத்தபடியே அதை உள்ளங்கையில் வைத்துப் பிடித்துப் பார்ப்பார். உதிர்ந்தால் காய்ந்து கிடக்கிறது, ஹோஸ் பிடிக்கச் சொல். தண்ணீர் கசிந்தால் ஒருத்தனையும் உள்ளே விடாதே. விரல் பதிந்தபடி உடையாமல் நின்றால் சரி. ஐரிஸ் நெவிலுக்கு போன் போட்டு உத்தரவைச் சொல்லுவாள். படுக்கை விரிப்பெல்லாம் செம்மண் கறை. எத்தனை தடவை துவைத்தாலும் போகவில்லை. அந்த மண்ணை அவள் வாழ்நாள் பூராவும் சபித்தவள். ஆகஸ்ட் வாக்கில், பஸ்ஸில் வரும்போதே ஜாடிக்குள் விரலை விட்டு, இன்றைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று அவளாகவே தெரிந்துகொள்ளத் தொடங்கியிருந்தாள். அதை அவரிடம் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் மண் எடுத்துப் போகவில்லை. வியாழக்கிழமை விடியும்போதே லென் போய்விட்டார். மறுநாள் பந்தயமும் மழையில் நின்றது. மூன்றாவது தடவை.

"அக்கா" என்றான் நெவில். இப்போது அவன் கைகளை இறக்கியிருந்தான். கண் சிவந்திருந்தது. "நீ விடுன்னு சொன்னா விட்டுடறேன். அத்தானுக்குக் குடுத்த வாக்கு, அதுல நான் யாரு குறுக்க நிக்க? பந்தயம் போனாப் போகட்டும். கடைசியா வந்தாலும் வருவோம். நீயே சொல்லு."

இதற்கு அவன் கத்திக்கொண்டே இருந்திருக்கலாம். ஐரிஸுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. டெஸ்மண்ட் அவளைப் பார்த்தார். பாஷ்லி கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற கார்களிலிருந்து இறங்கியவர்கள் கொக்கு படம் போட்ட மப்ளர்களோடு நின்றார்கள்.

அவள் அவர்களைத் தாண்டி நடந்தாள். துக்கத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்பு தடத்தில் கால் வைத்ததுமே கணுக்கால்வரை புதைந்தது. குனிந்து ஒரு பிடி மண் அள்ளினாள். பிடித்தாள்.

விரலிடுக்கில் தண்ணீர் சிவப்பாக வழிந்து, மணிக்கட்டுக்கு இறங்கி, கறுப்புக் கோட்டின் கைக்குள் போயிற்று.

"நாசமாப் போக!" என்றாள் உரக்க. மண்ணைச் சொன்னாளா, மழையைச் சொன்னாளா, மனுஷனைச் சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தவரை இந்தத் தடத்துக்காக அவளைக் காக்கவைத்த மனுஷன், செத்த பிறகும் அவள் வாயாலேயே தனக்கு இல்லை என்று சொல்லவைக்கிறார். அவர் போட்ட சட்டம். அவரே வந்து இங்கே நின்றாலும் அதைத்தான் சொல்லுவார், இதைவிட அசிங்கமான வார்த்தையில். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

மூடிய கையோடு திரும்பி வந்தாள்.

"ஒருத்தனையும் உள்ள விடாதே" என்றாள் நெவிலிடம். "இப்பவே டிராக்டரை எடு. மேல இருக்கிற சேத்தை வழிச்சு வெளியே தள்ளு. ரெண்டாவது வளைவுல காஞ்ச மண்ணு கொட்டு. ஏழு மணிக்குள்ள மண்ணு பிடிச்சு நிக்கும்."

"தகனத்துக்கு நான் வர வேணாமாக்கா?"

"நீ அங்க வந்து என்ன பண்ணப்போறே? அழுவே. இங்க வேலையைப் பாரு."

அவன் அவளைக் கட்டிக்கொள்ள வந்தான். அவள் மண் பிடித்த கையைத் தூக்கித் தள்ளிவைத்தபடி மறு கையால் அவன் முதுகில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

வண்டி பின்வாங்கித் திரும்பியது. பாஷ்லி கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு தன் கைக்குட்டையை நீட்டினார். ஐரிஸ் வேண்டாம் என்று தலையாட்டினாள். மூடிய கையிலிருந்து சொட்டுச் சொட்டாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வாக்கு குடுத்திருந்தேன், பாஷ்லி" என்றாள். "நாலே நாலு சுத்து. அதுகூட வாய்க்கலை பாருங்க."

பாஷ்லி வேகத்தைக் குறைத்தார். நாற்பது வருஷமாகச் செத்தவர்களை ஓட்டிக்கொண்டு போகிறவர், பேச்சு குறைவு. ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில் பெரிய ரவுண்டானா வந்தது, நடுவில் புல்லும் நாலைந்து வாடிய பூச்செடிகளும். தகனக்கூடத்துக்கு இரண்டாவது கிளையில் பிரிய வேண்டும். வண்டி அந்தக் கிளையைத் தாண்டிப் போனது.

"பாஷ்லி, வழி அங்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

பாஷ்லி நேராகச் சாலையைப் பார்த்தபடி, நடக்கிற வேகத்தில், வண்டியை மறுபடியும் வளைத்தார். பின்னால் வந்த கார்கள் ஒரு கணம் தயங்கின, பிறகு அவையும் வளைந்தன. லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான். கறுப்பு வண்டியையும் மலர் வளையத்தையும் பார்த்து நிறுத்தினான்.

இரண்டாவது சுற்றில்தான் ஐரிஸ் கவனித்தாள். வலப்பக்கம். இந்த நாட்டில் ரவுண்டானாவை எந்தக் கொம்பனும் வலப்பக்கமாகத்தான் சுற்றியாக வேண்டும். பின்னால் பெட்டிக்குள் லென் என்ன பாடு படுகிறாரோ! சொன்னேன்ல, அந்த வண்டிக்காரன் வலப்பக்கம் திருப்பிடுவான்னு சொன்னேன்ல என்று அவர் குதிப்பது அவளுக்குக் காதில் கேட்டது. பாஷ்லியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், உதடு அசைந்து எண்ணிக்கொண்டிருந்தது.

"சும்மா இருங்க" என்றாள் அவள், பின்பக்கமாக, மெதுவாக.

மூன்று. நாலு. வண்டி கிளையில் பிரிந்தது.

"சரியா இருந்துச்சாம்மா?" என்றார் பாஷ்லி.

"சரியா இருந்துச்சு."

தகனக்கூடத்தில் ஒன்றரைக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. பெட்டியை இறக்கி மேடையில் வைத்தார்கள். ஐரிஸ் பக்கத்தில் போய் நின்று கையைத் திறந்தாள். வழியெல்லாம் பிடித்துப் பிடித்துத் தண்ணீர் முழுக்க வடிந்திருந்தது. மண் உடையாமல் நின்றது. நாலு விரலும் அதில் வரிசையாகப் பதிந்திருந்தன.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள். அதைப் பெட்டியின் மேல், பளபளத்த மூடியின் நடுவில் வைத்தாள்.

பெட்டி தூக்கியவர்களில் ஒருவர் துணியை எடுத்துக்கொண்டு துடைக்க வந்தார். பாஷ்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.