பந்தக்கால் நட்ட பிறகு

அமெரிக்காவில், பார்சிப்பனி அலுவலகத்தில் நஞ்சுண்டனுக்குப் பக்கத்து மேஜை ரூத்துடையது. பன்னிரண்டு வருடமாக. சென்னைக்குப் போகும் வழியில் புடாபெஸ்டில் இரண்டு நாள் ஊர் சுற்றப்போவதாக அவன் சொன்ன மறுநாள், ரூத் ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து அவன் முன் வைத்தாள். நடுவில் வெள்ளைக் கோடு ஓடியது.

"அம்மாவின் தோட்டத்துக் கல். அங்கே ஒரு கல்லறையில் வைக்க முடியுமா?"

ரூத்தின் அம்மா இலோனா புடாபெஸ்டில் பிறந்த யூதப் பெண். 1944 குளிர்காலத்தில் ஐந்து வயது. பெற்றோரை நாஜிகள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் காவல்காரி பிரோஷ்கா, குழந்தையை நிலவறையில் கரி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சோதனைக்கு வந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டபோது, தங்கை மகள் என்றாள்.

யூதர்கள் கல்லறைக்குப் போனால் வந்துபோன அடையாளமாக ஒரு கல் வைப்பார்கள். இலோனா பிரோஷ்காவுக்கு அதை வைத்ததில்லை. போகலாம், போகலாம் என்று இருந்துவிட்டாள். இப்போது படுக்கையில். இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்றார்கள்.

"கண்டிப்பாக வைக்கிறேன்" என்றான்.

புடாபெஸ்டில் முதல் நாள் யூதர் குடியிருப்பைச் சுற்றினான். பெரிய தொழுகைக்கூடத்தின் பின்னால் உலோகத்தில் ஒரு மரம். இலைகளில் இறந்தவர்களின் பெயர்கள். இலோனாவின் தெருவைக் கண்டுபிடித்தான். நிலவறை ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்தது. குனிந்து பார்த்தான். உள்ளே சைக்கிள்கள்.

மறுநாள் டிராமில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். ரூத் எழுதிக் கொடுத்திருந்தாள்: வாசலிலிருந்து மூன்றாவது வரிசை. வாசலில் நின்று வரிசையை எண்ணும்போது மனைவி ஹம்சா அழைத்தாள். அவன் அக்கா மகளின் கல்யாணத்துக்காக அவள் முன்னதாகவே சென்னை போயிருந்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஒரு செமெட்ரி வாசல்ல. ரூத் ஒரு கல்லு குடுத்தா. வெச்சுட்டுக் கிளம்பிடுவேன்."

"இங்க காலைலதான் பந்தக்கால் நட்டாச்சு. தெரியும்ல?"

"தெரியும்."

"விஷாகாவுக்குத் தாய்மாமன் நீங்க. மாலை எடுத்துக் குடுக்கற கை. அதோட அங்க போய் நிப்பீங்களா?"

"இது வேற ஊரு ஹம்சா. யாரோ வெள்ளைக்காரம்மா."

"சாவு எந்த ஊர்லயும் சாவுதான். நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட உங்க அக்கா உங்களைத்தான் சொல்லுவாங்க. திரும்பி வர்றப்போ வைங்க."

"ரிட்டர்ன் ஃப்ளைட் துபாய் வழியா."

"அப்போ யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க."

வாசலில் ஒரு பூக்காரி இருந்தாள். கல்லை அவளிடம் நீட்டினான். உள்ளே கை காட்டினான். அவள் ஒரு செவ்வந்திக் கொத்தை எடுத்து நீட்டினாள். அவன் கல்லைப் பையில் போட்டுக்கொண்டான்.

விமான நிலையத்தில் ரூத்தின் செய்தி வந்தது. "வைத்துவிட்டாயா? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்."

"வைத்துவிட்டேன்" என்று அனுப்பினான்.

"சொன்னேன். சிரித்தாள்."

முகூர்த்தத்துக்கு முதல் நாள் இலோனா இறந்தாள். நஞ்சுண்டன் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மாலை எடுத்துக் கொடுத்தான்.

ஒரு வருடம் கழித்து இலோனாவின் கல்லறையில் பெயர்க்கல் திறந்தார்கள். ரூத் அவனையும் அழைத்தாள்.

"இந்த வருஷம் நம்ம பக்கத்துல விசேஷம் எதுவும் இல்ல, போய்ட்டு வாங்க. வந்ததும் குளிச்சிடுங்க" என்றாள் ஹம்சா.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல் வைத்தார்கள். அவனும் தன்னிடமிருந்த கல்லை வைத்தான். அதை வேறு எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் கார்களுக்குப் போன பிறகும் ரூத் நின்றாள். கற்களில் ஒன்றை எடுத்தாள். அதன் நடுவில் ஓடிய வெள்ளைக் கோட்டை விரலால் தடவினாள்.

"வாசல் வரைக்கும் போனேன்" என்றான்.

அவள் காரணம் கேட்கவில்லை. பந்தக்காலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அவன் ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்தான்.

"அம்மா சிரித்தாள்" என்றாள் ரூத்.

கல்லைத் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தாள்.