பன்னிரண்டு கட்டங்கள்

லிஃப்ட் மெக்கானிக்கின் கையெழுத்தை ஊரே மெச்சியது என்று சொல்ல முடியாது. கட்டிய மனைவியே மெச்சியதில்லை. ஆனால் அவருக்கு அதில் தனிக் கர்வம். ஒரு சுழி, அதன் வாலைப் பிடித்து இழுத்து ஒரு கோடு, அடியில் இரண்டு புள்ளி.

லிஃப்டுக்குள் தொங்கும் அட்டையில் மாதத்துக்கு ஒரு கட்டம். சோதித்துவிட்டுத் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். நாற்பது கட்டடங்களுக்கு யார் மாதாமாதம் சுழி சுழிப்பது? ஜனவரியிலேயே பன்னிரண்டு கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார். "எப்படியும் நான்தானே போடப்போறேன்" என்பது அவர் கட்சி.

ஜூன் ஒன்பதாம் தேதி, ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்ட் வராமலே நாலாம் மாடிக் கதவு திறந்துகொண்டது. வாட்ச்மேன் குப்பை வாளியோடு உள்ளே கால் வைத்தார். அங்கே தரை இல்லை.

ஜூன் ஐந்தாம் தேதி எல்லாம் சரி என்றது அட்டை. டிசம்பர் வரைக்கும்கூட எல்லாம் சரியாகவே இருந்தது.

விசாரணை அறைக்கு வெளியே லிஃப்ட் கம்பெனி மேனேஜர் காதைக் கடித்தார். "உன் கையெழுத்தே இல்லைன்னு சொல்லிடு. கூட வர்ற உன் மச்சினன் போட்டுட்டான்னு சொல்லு. வேலைக்குப் புதுசு, பெரிசா ஒண்ணும் ஆகாது."

மச்சினன் பக்கத்து பெஞ்சில்தான் இருந்தான். நாற்பது வயதில் வேலை போய் நின்றவனை இதில் சேர்த்துவிட்டதே மெக்கானிக்தான்.

"மாமா, அவர் சொன்னது கேட்டுச்சு."

"காது மட்டும் நல்லா வச்சிருக்கே."

"சொல்றதுன்னா சொல்லிடுங்க. அக்கா முகத்துக்காக நான் ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, உங்க சுழி எனக்கு வரல. எங்கிட்ட நேத்தே சொல்லிட்டாரு, ராத்திரி உக்காந்து போட்டுப் பாத்தேன். பன்னிக்குட்டி மாதிரி வருது."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. மே மாதம் வாட்ச்மேன் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னது: "நாலாவது மாடிக் கதவு இழுத்தா வந்துடுதுங்க." டீயைக் குடித்துவிட்டு இவர் சொன்னது: "அடுத்த வாரம் பாக்கறேன்."

உள்ளே அதிகாரி அட்டையை நகர்த்தினார். "இது உங்க கையெழுத்தா?"

பதிலுக்குக் காத்திராமல் வெள்ளைத் தாளையும் வைத்தார். "பத்துத் தடவை போடுங்க. ஒத்துப் பாக்கணும்."

வாலைக் கொஞ்சம் கோணலாக இழுத்தால் போதும், பழி மச்சினன் தலையில். கை நடுங்கி அப்படித் தானாகவே வந்துவிட்டாலும் நல்லதுதான் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டார். பிறகு பேனாவை எடுத்துச் சுழித்தார். பத்தும் அச்சில் வார்த்த மாதிரி விழுந்தன, இருபது புள்ளிகளோடு.

"என்னுதுதாங்க" என்றார். "பன்னெண்டும். ஜனவரியிலயே போட்டது."

அதிகாரி நெடுநேரம் எழுதினார். வாக்குமூலத்தைத் திருப்பி வைத்தார். "இதுலயும் ஒண்ணு போடுங்க. கீழே தேதி."

சுழி போட்டாயிற்று. பேனா அப்படியே நின்றது.

"இன்னைக்கு என்ன தேதிங்க?"

கிண்டல் செய்கிறாரோ என்று அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைச் சொன்னார். மெக்கானிக் ஒவ்வோர் எண்ணாக எழுதினார்.