பன்னிரண்டாவது துண்டு

பெரிய வியாழன் பூசைக்கு மணவூரிலிருந்து வர வேண்டிய மேலத்தெருப் பெரியவர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். அதனால்தான் சவரிமுத்துவுக்கு நாற்காலி கிடைத்தது.

அன்றைக்குப் பங்குச் சாமியார் இன்னாசி பன்னிரண்டு ஆண்களின் வலது பாதத்தைக் கழுவி, துடைத்து, முத்தமிட வேண்டும். ஏசு சீடர்களுக்குச் செய்தது அது. வருடா வருடம் மேலத்தெரு ஆட்கள்தான் உட்காருவார்கள். சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்த சவரிமுத்து, நாற்காலிகளைத் தூக்கி வந்து வரிசையாகப் போடுவதோடு சரி.

“ஆள் கொறையுது. காலக் கழுவிகினு வந்து உக்காருயா,” என்றார் கோயில் உபதேசியார்.

கோயில் கிணற்றடியில் சவரிமுத்து தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தார். சுண்ணாம்பு தின்ற கால். வெடிப்புகளில் ரத்தம் கசியும்வரை விடவில்லை. மகள் ரீத்தா தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வீட்டுப் பவுலு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

“கடேசி நாற்காலி யூதாஸுது மாமா. பாத்து உக்காரு.”

“யூதாஸ் காலையும்தான்டா ஏசு கழுவினாரு.”

ரீத்தா சிரித்துவிட்டாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சாமியார் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகளையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்தவள் அவள்தான்.

பூசையில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசி நாற்காலியைத் தூண் மறைத்தது. மிச்சத்தை இன்னாசி சாமியின் முதுகு மறைத்தது. அவர் குனிந்தார், நிமிர்ந்தார். அவ்வளவுதான் பார்த்தாள்.

வெளியே வந்த அப்பாவின் முகம் ஈரமாக இருந்தது.

“சாமி முத்தம் குடுத்தாருடி.”

“பாத்தியா நைனா?”

“எங்க பாக்கறது? கண்ண மூடிகினேன், அழுகையா வந்துச்சி. பாதமும் மரத்துக் கெடக்குது. ஆனா தெரிஞ்சுது.”

வீடு போகும்வரை வலது காலைப் புழுதி இல்லாத இடமாகப் பார்த்து வைத்தார். மறுநாள் அதைக் கழுவவே இல்லை. “எனக்குத் துடைச்ச துண்டு எதுன்னு பாரு,” என்றார். “சாமியக் கேட்டு வாங்கியா. நான் செத்தா மூஞ்சி மேல போட்டு அனுப்புங்க.”

சனிக்கிழமை காலையில் ரீத்தா அழுக்குக் கூடையைக் கவிழ்த்தாள். கசங்கிய துண்டுகள் மொச்சை வாடையோடு விழுந்தன. ஒவ்வொன்றாக விரித்து ரத்தக் கறையைத் தேடினாள். எதிலும் இல்லை. கடைசியாக ஒரு துண்டு, அவள் மடித்த மடிப்புக் கலையாமல், இஸ்திரிக் கோடு அப்படியே நிற்க, தரையில் கிடந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

சாமி குனிந்து, தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு நிமிர்ந்திருக்கிறார்.

அவள் அந்தத் துண்டையும் வாளியில் அமுக்கினாள். மற்றவற்றைவிட ஓங்கி அதைக் கல்லில் அடித்தாள். பன்னிரண்டையும் கொடியில் காயப்போட்டு முடிக்கவும், அப்பா அன்றிரவுப் பூசையில் பாஸ்கா தீ மூட்டுவதற்கான விறகைத் தலையில் சுமந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது.

“இதுல எதுடி?”

“கடேசியா இருக்குதே, அதான் நைனா.”

விறகை இறக்கினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார்.

இன்னாசி சாமி காபி டம்ளரோடு வராந்தாவுக்கு வந்தார். கொடியைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை; சாதாரணமாகத்தான் கேட்டார்.

“பன்னெண்டையும் ஏம்மா துவைச்சே? ஒண்ண நான் எடுக்கவே இல்லையே. மடிச்சபடி இருந்ததைப் பாக்கலையா? சோப்பு சும்மா வருதா?”

ரீத்தா வாளித் தண்ணீரைக் கொட்டினாள்.

அப்பாவின் விரல்கள் துண்டை விட்டன. “ஆங் சாமி,” என்றார். “சின்னப் பொண்ணு. தெரியாம நனைச்சிட்டா. மன்னிச்சிக்குங்க.”

“சரி, சரி. விறகக் கோயில் வாசல்ல அடுக்கிடு.”

கோணல் இல்லாமல் அடுக்கினார். பிறகு இருவரும் கிளம்பினார்கள். மலைக்குப் போகும் பஸ் ஒன்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. ரோட்டில் மாடு போட்டிருந்த சாணியை அப்பா பார்க்கவில்லை. வலது கால் அதில் இறங்கியது, இழுத்துக்கொண்டு நடந்தார்.

காளவாய் திருப்பத்தில் நின்றார்.

“நீ ஏண்டி அத நனைச்சே?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அன்றைய வேலைக்குக் காளவாய்க்குள் இறங்கிப் போனார்.