தேக்கில் இறங்காத ஆணி

கரீமுல்லா என்னும் தச்சர் கோடம்பாக்கத்தில் குடியிருப்பவர். எந்த வீட்டில் வேலை செய்தாலும், அங்கு மிஞ்சிய மரத்தில் கையளவு துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். புதிய ஆணி எதுவாயினும் அத்துண்டில் இறக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டார். நாற்பது ஆண்டுகள் சுத்தியல் பிடித்த வலத்தோள் இவ்வாண்டு அவரைக் கைவிட்டது. தலைக்குமேல் கையை உயர்த்திச் சுத்தியல் அடிக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கன் ஒன்று அவரிடம் இருந்தது. ஆயினும், பத்து ஆணி அடிப்பதற்காக அடையாற்றில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு, அதற்குக் காற்றூட்டும் கம்ப்ரஸரைத் தூக்கிச் சென்ற நாளில், வேலையைத் தொடங்குமுன் அரைமணி நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆகவே, பேட்டரியில் இயங்கும் கன் வாங்குவதற்காக ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் கிண்டிக்குப் போனார். மறுநாள் மயிலாப்பூரில் பங்கஜம் அம்மாள் வீட்டில் வேலை. பன்னிரண்டு சன்னல்களிலும் கொசுவலையை இழுத்து, அதன்மேல் பீடிங் என்னும் மெல்லிய மரப்பட்டையை அடிக்க வேண்டும். சட்டங்கள் யாவும் பழைய பர்மாத் தேக்கு. பத்தொன்பது ஆண்டுகளாக அவ்வீட்டில் வேறொரு தச்சர் கை வைத்ததில்லை.

கடையில் தணிகாசலம் என்னும் விற்பனையாளர், கொசுவலை வேலையையும் தோள்வலியையும் கேட்டறிந்து, இரண்டு கன்களை எடுத்து வைத்தார். சிறியது லேசானது, மெல்லிய ஆணி போடுவது. பெரியது பேட்டரியோடு மூன்றரைக் கிலோ. கடையின் மாதிரிப் பலகையில் இரண்டுமே சுலபமாக ஆணியை இறக்கின. கரீமுல்லா பையிலிருந்து பிளைவுட் துண்டையும் தேக்குத் துண்டையும் எடுத்தார். சிறிய கன் பிளைவுட்டில் ஆணியை முழுவதும் இறக்கியது. தேக்கிலோ ஆணித்தலை அரிசியளவு வெளியே நின்றது. மும்முறை அடித்தும் அவ்வாறே. பெரியது தேக்கிலும் ஒரே அழுத்தில் இறக்கியது.

தணிகாசலம் பெரியதைப் பெட்டியில் வைக்கப்போனார். கரீமுல்லா தடுத்து, ஒரு ஸ்டூல் கேட்டார்.

“இன்னா பாய், எங்க கடைக்கும் கொசுவலை அடிக்கப் போறியா?”

கரீமுல்லா களைப்போடு சிரித்தார். அலமாரியின் மேல்தட்டில் தேக்குத் துண்டைக் கிளாம்பால் இறுக்கி, ஸ்டூலில் ஏறி, சன்னலின் மேற்சட்டத்தில் அடிப்பதுபோல் கையை உயர்த்தினார். நான்கு ஆணிகள் நேராக இறங்கின. ஐந்தாவதற்குள் தோள் வலித்துக் கை தாழ்ந்தது. ஆணி சாய்ந்து மரத்தின் பக்கவாட்டில் வெளிவந்தது. தணிகாசலம் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்.

“லேசா கீறது தேக்குல எறங்காது, பாய். எறங்குறது உன் தோளுக்கு ஆவாது. இன்னா பண்ணலாம், நீயே சொல்லு.”

கரீமுல்லா இறங்கி, அதே ஸ்டூலில் அமர்ந்தார். சிறியதை எடுத்தால், வெளியே நிற்கும் ஒவ்வோர் ஆணித்தலையையும் சுத்தியலால்தான் தட்டி இறக்க வேண்டும். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் காத்திருந்த மற்ற வேலைகள் எல்லாம் பிளைவுட்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் பங்கஜம் அம்மாளே கைப்பேசியில் அழைத்தார். கொசுவால் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றார்.

“கார்த்தாலயே வந்துடுங்கோ பாய். உங்க காபியையும் சேர்த்தே போட்டு வைக்கறேன்.”

கரீமுல்லா பெரிய கன்னைத் தள்ளி வைத்தார்.

“தேக்குல அடிக்கிற வேலை இனிமே என்னால ஆவாது, மாமி. ஜெயராம்னு எனக்குத் தெரிஞ்ச தச்சர் ஒருத்தரை அனுப்புறேன். நல்லா செய்வாரு.”

“நீங்க வரமாட்டேளா?”

“வரல, மாமி.”

கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிட்டு, சிறியதையே கட்டிக் கொடுக்கும்படி தணிகாசலத்திடம் சொன்னார்.