தவிட்டுக்கு விற்ற பிள்ளை

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து நிறுக்கிறவன். கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் நிறையை எழுதுவோம். மழையே பெய்யாத நாளிலும் தண்ணிக்குக் கழிக்கச் சொல்லித் தோட்டத்துரையின் உத்தரவு. கழிக்கச் சொல்வது துரை, வாங்கிக் கட்டிக்கொள்வது நான். என் இரண்டு பிள்ளைகளும் பிறந்த சூட்டோடு போனபோது, கொழுந்து பறிக்கிற பெரியாயி தராசடியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்:

"கொழுந்துல கழிச்ச கை. தூக்குன பிள்ளையில கழியாம இருக்குமா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாவது பிள்ளையை மாதம் நிறையுமுன்னே டவுன் ஆஸ்பத்திரியில் என் பெண்சாதி லீலாவின் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். எழும்ப முடியாமல் அவள் ஒரு வார்டில். பையன் வேறு கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள். தகப்பன்மார் கதவுக்கு வெளியே நிற்கலாம். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நான் தொடாமல் இருந்தால் இவனாவது தப்புவான்.

அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சந்திரகாந்தி மிஸ்ஸி, யாழ்ப்பாணத்துக்காரி. பையன் இரண்டு றாத்தல் சொச்சம் நிறை என்றார்.

"துணியோட நிறையைக் கழிச்சாச்சாங்க மிஸ்ஸி?"

என் வாய் அப்படி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பகிடி விடுற இடமோ இது?"

மறுநாள் துண்டில் தவிடு முடிந்துகொண்டு போனேன். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததைப் பிறத்தியாருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவோம். அப்புறம் அது எங்கள் பிள்ளை இல்லை. எங்கள் பீடை அதை அண்டாது. அது பஞ்ச வருசம். தவிடும் ரொட்டி சுடுவதற்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த லயத்து வீடுகளில் கெஞ்சித்தான் ஒரு பிடி கிடைத்தது. வாங்குகிறவர்தான் தவிடு தர வேண்டும். மிஸ்ஸியிடம் தவிட்டுக்கு எங்கே போக? கொண்டுபோனதை அவர் கையில் கொடுத்து, அதையே விலையாகத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இப்படியொரு வியாபாரி பதுளைக் கடைத்தெருவில் இருந்தால் ஒரே வாரத்தில் கடையைச் சாத்துவான்.

"சரி, வாங்கியாச்சு," என்றார் மிஸ்ஸி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல். "இனி இது என்ர பிள்ளை. நான் சொன்னதைச் செய்வீரோ?"

"சொல்லுங்க மிஸ்ஸி."

"கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாரும். சட்டைப் பொத்தானைக் கழட்டும்."

"வேணாங்க. என் கை ஆகாத கைங்க." பெரியாயி சொன்னதைச் சொன்னேன்.

"உம்மட கை பட்டுத்தான் பிள்ளை சாகுமெண்டால், தேப்பன் தொடாமலே இந்த அறையில செத்ததுகளுக்கு ஆற்ற கை காரணம்? என்ர கையோ?"

கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"டொக்டர் காலமை பார்த்திட்டார். பின்னேரம் தாண்டாதாம்." மெதுவாகச் சொல்லத் தெரியாதவர். "பெட்டிக்குள்ள தனியக் கிடந்து சாகட்டோ, ஒருத்தற்ற நெஞ்சில கிடந்து சாகட்டோ? பிள்ளை என்ர. நான் சொல்லுறன், பிடியும்."

மேலிடத்துக்குத் தெரிந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. கதவைச் சாத்தி, என்னை ஸ்டூலில் இருத்தி, அவனைச் சட்டைக்குள் வைத்து மூடினார். முதுகெல்லாம் பூனைமயிர். விரலில் நகம்கூட இருந்தது. இவ்வளவு சிறிசுக்கு என்னத்துக்கு நகம் என்று யோசித்தேன். பட்டும் படாமலும் வைத்திருந்த என் கையை மிஸ்ஸி எடுத்து அவன் முதுகில் அழுத்தினார்.

"கதையும் அவனோட."

துரை தண்ணிக் கானுக்குள் விழுந்த கதையைச் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் தோட்டத்தில் கிடையாது. இவன் கொட்டாவி விட்டான்.

லீலாவிடம் பிழிந்து வாங்கிவந்த பாலை மிஸ்ஸி பஞ்சில் நனைத்து அவன் உதட்டில் வைத்தார். நக்கினான். கதையை மறுபடி ஆரம்பித்தேன். துரை கானைவிட்டு ஏறுமுன்னே இவன் மூச்சு நின்றுவிட்டது.

மிஸ்ஸி அவன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுப் பார்த்தார். அவனை என்னிடமிருந்து எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இரும்," என்று மற்றப் பெட்டிகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து சொன்னார்: "தாய்க்கு நீர்தான் சொல்ல வேணும். அவனைத் தெரிஞ்ச ஆள் நீர்தான்."

லீலாவிடம் போனேன். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"தூக்குனீங்களா?"

தராசடியில் கேட்ட சிரிப்பு அந்தக் கேள்விக்குள் இருந்தது.

"தூக்குனேன். நெஞ்சுலதான் வச்சிருந்தேன்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பால் குடிச்சானா?"

"ஒதட்டுல வச்சாங்க. நக்குனான்."

"அந்தச் சட்டையக் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். "மருந்து வாசந்தான் அடிக்குது," என்றாள். பிறகு அதைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டாள். பால் ஊறிச் சட்டை நனைவதைப் பார்த்துக்கொண்டு வெறும் மேலோடு நின்றேன்.