லிசி போட்ட லைக்

…சரி, வாழ்த்தத்தான் போட்டாள் என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் என் பதிவுக்குக் கீழே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே, 'சூப்பர் சார்' என்றாவது, கைதட்டுகிற பொம்மை ஒன்றாவது… இருநூற்றுச் சொச்சம் பேர் எழுதியிருக்கிறார்கள், யாரென்றே தெரியாத புனேக்காரர் ஒருவர் படித்துக் கண் கலங்கிவிட்டாராம், லிசி மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள், இன்று காலை ஆறு நாற்பதுக்கு. ஒரே ஒரு லைக். ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறியதிலிருந்து அதைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் பொன்னி அரிசி மூட்டையை என் கால்மேல் சாய்த்துவிட்டுத் தூங்குகிறார், அதைக்கூடத் தள்ளத் தோன்றவில்லை. திருவானைக்காவல் தாண்டியாயிற்று. பதினொன்றரைக்கு அரியமங்கலத்தில் இருக்க வேண்டும், ஆனந்தவள்ளி அம்மாவைப் பார்க்க வேண்டும், அந்த அம்மா என்னை வேலைக்குக் கூப்பிட்டதே இந்தப் பதிவைப் படித்துவிட்டுத்தான். அந்தப் பதிவில் இருக்கிற கதை நடந்த அன்று அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒன்று நான், இன்னொன்று அப்போது என் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த லிசி.

கதை என்ன பெரிய கதை, எனக்குக் கதையே இல்லை என்பதுதானே ஆசீருக்குப் பெரிய தலைவலி. ஆசீர் என்பவன் எனக்கு பிராண்டிங் சொல்லித் தருகிறவன், இருபத்தொன்பது வயது, வீடியோவில்தான் வருவான், பின்னால் ஒரு கிடார் தொங்கும். பதினேழு வருடம் ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட் வேலை பார்த்தவன் நான், போன மார்கழியில் டீமையே மொத்தமாகக் கலைத்து அனுப்பினார்கள், நாற்பத்து நான்கு வயதில் துறை மாறுகிறேன் என்றால் உன்னை நீயே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் சப்போர்ட் என்றால் என்ன, எவனோ எழுதிய புரோகிராம் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது, நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்பதற்கு ஒரே சாட்சி எதுவும் நடக்கவில்லை என்பதுதான், பதினேழு வருடமாக எதுவும் நடக்கவில்லை என்று எழுதினால் எவன் கூப்பிடுவான்? "உங்க ஹெட்லைனைப் படிச்சா எனக்கே கொட்டாவி வருது சார், ஒரு ஸ்டோரி குடுங்க, ஒண்ணே ஒண்ணு போதும்" என்றான். கொடுத்தேன். போட்டோவும் எடுக்கச் சொன்னான், நீலச் சட்டை, கையைக் கட்டிக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டு சுபலட்சுமி, என் மனைவி, "யாரு மேலங்க இவ்வளவு கோபம், தண்ணி மோட்டார் ரிப்பேரா?" என்று கேட்டாள், நாங்கள் இருக்கிற அபார்ட்மெண்டுக்கு நான்தான் செக்ரட்டரி. ஆனாலும் அந்தப் போட்டோதான் இப்போது மேலே இருக்கிறது, அதற்குக் கீழே 'ஆபத்தை முன்பே பார்க்கும் கண்' என்று ஒரு வரி, ஆசீர் வைத்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் மூன்று மணி, சென்னை ஆபீஸ், வெளிநாட்டு மருந்துக்கடைக் கம்பெனி ஒன்றுக்கு மாத்திரைப் பாட்டிலில் ஒட்டுகிற லேபிள் அச்சாகிக்கொண்டிருக்கிறது, லட்சக்கணக்கில். முந்தின நாள் செய்த ஒரு மாற்றத்தில் எண்ணுக்கு நடுவில் இருக்க வேண்டிய புள்ளி காணாமல் போய்விட்டது, 0.5 என்பது 05 ஆகிவிட்டது, அரை மாத்திரை என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து மாத்திரை. குழந்தைக்கு ஐந்து. மாதவன் என்கிற நான் அதைப் பார்க்கிறேன், யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சை நிறுத்துகிறேன், அந்தக் கம்பெனிக்காரர்களிடம் மூன்று மணி நேரம் திட்டு வாங்குகிறேன், பிறகு அவர்களே நன்றி சொல்கிறார்கள். அவ்வளவுதான் பதிவு. 'ஏதோ தவறு என்று என் உள்ளுணர்வு சொன்னது' என்ற வரி மட்டும் ஆசீருடையது, மற்றதெல்லாம் நான் சொன்னது, வருடக்கணக்காக நான் சொல்லி வருவது, அந்த வருட அப்ரைசலில் எழுதியது, சான்றிதழ் வாங்கியது, மாமனார் வீட்டில் சொன்னது… ஆனால் இந்த லைக்கைப் பார்த்ததிலிருந்து ஒரு சின்னக் கேள்வி, எப்படி இத்தனை வருடமாக வராமல் இருந்தது என்றே புரியவில்லை. ஐந்து மாத்திரை தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? தைராய்டு மாத்திரை என்பதே பிறகுதான் தெரியும், அந்த மருந்தின் பெயரைக்கூட அதற்குமுன் நான் கேள்விப்பட்டதில்லை. லேபிளில் ஐந்து என்று இருந்தால் ஐந்து என்றுதானே நினைத்திருப்பேன், நான் என்ன டாக்டரா?

மாம்பழச்சாலையில் பஸ் நிற்கும்போது சுபாவுக்குப் போன் போட்டேன். நம்ம பையன் சின்ன வயதில் தைராய்டு மாத்திரை ஏதாவது சாப்பிட்டானா என்று கேட்டேன். "தைராய்டா? அவனுக்கா? இன்டர்வியூக்குப் போற நேரத்துல என்ன கேள்விங்க இது, சட்டையில டீ கீ கொட்டிக்கிட்டீங்களா, குரலே சரியில்லையே" என்றாள். இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டேன். ஆக, பையன் மூலம் எனக்குத் தெரிந்ததும் இல்லை. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது, வெயில் முகத்தில் அடித்தது, அப்போது ஒரு குரல் கேட்டது, எட்டு வருடம் கழித்து, அப்படியே, லிசியின் குரல், திருச்சி பாலக்கரைக் குரல்… "சார், எங்க அக்கா பாப்பாவுக்கு இதே மாத்திரைதான் சார், அரைதான் குடுப்போம், அதையே ஒடைச்சுத் தேன்ல கரைச்சுத்தான்…" ஸ்கிரீனில் அவள் விரல். நகத்தில் பேனா மை. ஐயோ கடவுளே, அவள்தான் பார்த்தாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது, இறங்கினேன், கால் தானாக இறங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை, காது சுட்டது. ஆனால் வெட்கத்தோடு வெட்கமாக ஓர் ஆச்சரியமும் இருந்தது, பொய் சொல்கிறோம் என்று தெரிந்தா சொன்னேன்? சத்தியமாக இல்லை, ஆசீரிடம் சொல்லும்போது என் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததே, அந்த லேபிள், அந்த ஐந்து, நானே குனிந்து பார்க்கிற மாதிரி… அப்படியானால் எந்த வருடம் லிசியின் விரல் அதிலிருந்து போனது? யார் எடுத்தது? இன்னொன்று, அதைவிடப் பெரியது, ஆனந்தவள்ளி அம்மா போனில் சொன்னது. பட்டறைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறார், வெல்டிங், கிரைண்டிங், தகடு அமுக்குகிற பிரஸ், இப்படி. "பிரஸ்ஸுல விரல் போறதுக்கு ஒரு செகண்டு முன்னாடி பார்க்கிற ஆளு எனக்கு வேணும் சார். படிச்சுட்டு வர்றவங்க நிறைய இருக்காங்க, பார்க்கிறவங்க இல்ல. உங்களுக்கு அந்தக் கண்ணு இருக்கு" என்றார். இல்லையே அம்மா. எனக்கு அந்தக் கண் இல்லையே. வேலை போவது ஒரு பக்கம், பத்து மாதமாக வீட்டில் இருக்கிறேன், எனக்கு இந்த வேலை வேண்டும், ரொம்ப வேண்டும், ஆனால் நான் பார்ப்பேன் என்று நம்பி ஒருத்தன் பிரஸ்ஸுக்குள் கையை விட்டால்?

அரியமங்கலம் வழியாகப் போகிற துவாக்குடி பஸ் கிளம்ப நேரம் இருந்தது. லிசியைக் கூப்பிட்டேன், முதல் மணியிலேயே எடுத்தாள். "சார்! எப்படி சார் இருக்கீங்க, காலையிலதான் உங்க போஸ்ட்ட பார்த்தேன்." கம்பெனியில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று விதி, இவள் ஒருத்திதான் கடைசி வரை சார் என்றாள். லைக் போட்டியே, பார்த்தேன் என்றேன். "எழுதணும்னுதான் சார் நெனச்சேன், பசங்கள ஸ்கூலுக்குக் கெளப்புற நேரம்… எங்க டீம்ல புதுசா வர்ற எல்லாருக்கும் அந்தக் கதையத்தான் சார் சொல்வேன். எங்க சார் ஒருத்தர் இருந்தாரு, பார்த்த ஒடனே நிறுத்திட்டாரு, யாரையும் கேக்கலன்னு." லிசி, அதைப் பார்த்தது நீதானே என்று கேட்டேன். சிரித்தாள், பெரிய சிரிப்பு. "நானா? வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் சார் அப்ப, எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் காட்டுனீங்க." உங்க அக்கா பொண்ணு எப்படி இருக்கா என்றேன். "ஜெனியா? நாலாவது படிக்கிறா சார்." இன்னும் மாத்திரை சாப்பிடுறாளா? "சாப்பிடுறா… ஆமா, அவளுக்கு தைராய்டுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" நீதான் சொன்னே. "நானா? எப்ப சார்?" அதற்குள் அவளை யாரோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள், நல்லா பண்ணுங்க சார் என்று ஒரு வாழ்த்தும் சொன்னாள்.

நன்றாகத்தான் பண்ணியிருக்கிறேன். அவள் செய்ததை அவள் நினைவிலிருந்தே எடுத்துவிட்டேன், அவள் வாயாலேயே என் பெயரைச் சொல்ல வைத்திருக்கிறேன், இதற்கு மேல் ஒரு பிராண்டிங் உண்டா, ஆசீர் பிச்சை வாங்க வேண்டும். பஸ் காந்தி மார்க்கெட் நெரிசலில் நின்று நின்று போனது, வெங்காய லாரி ஒன்று குறுக்கே நின்றது, நான் அந்த மத்தியானத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன், இந்தத் தடவை லிசியோடு. பார்த்த உடனே நிறுத்தினாராம். உடனேயா? அவள் சொன்னாள், நான் என்ன சொன்னேன்? ஏதோ சொன்னேனே… "ஏம்மா, மருந்துக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும், உன் வேலையைப் பாரு." ஆமாம், அதைத்தான் சொன்னேன், சொல்லிவிட்டு கீழே டீக்கடைக்குப் போனேன். அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டு. போய்விட்டு வந்துதான் நிறுத்தினேன், பதினோரு நிமிடம் என்று கம்ப்யூட்டர் பதிவில் இருந்தது, அவள் அந்த லேபிளைத் திறந்த மூன்று நான்கிலிருந்து நான் நிறுத்திய மூன்று பதினைந்து வரை, அந்தப் பதினோரு நிமிடத்தில் நாலாயிரம் லேபிள் அச்சாகியிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டோம் என்று மறுநாள் மெயில் வந்தது. எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையுமா? நான் கேட்கவே இல்லை. நாலாயிரத்தில் ஒன்று எங்கேயாவது ஒரு வீட்டில்… பால்பண்ணை ஸ்டாப்பில் கூட்டம் ஏறியது, எழுந்து ஓர் அம்மாவுக்கு இடம் கொடுத்தேன், உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஆனந்தவள்ளி அம்மாவின் ஆபீஸ் இரண்டு பட்டறைகளுக்கு நடுவில் ஒரு தகரக் கூரை அறை, சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் விழுகிற சத்தம், ஒவ்வொரு தடவை விழும்போதும் மேஜைமேல் இருக்கிற பேனா நகர்கிறது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், காட்டன் புடவை, காலில் கனமான பட்டறை ஷூ. "வாங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க. உங்க கதைய எங்க ட்ரெயினர் ரெண்டு பேருக்குப் படிச்சுக் காட்டுனேன். ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்க, கேக்கணும்" என்றார். சொன்னால் போதும், எட்டு வருடமாகச் சொல்கிற கதை, தூக்கத்திலும் வரும். வாயைத் திறந்தேன், "லிசின்னு ஒரு பொண்ணுங்க" என்று வந்தது. வந்தது வந்ததுதான், அப்புறம் நிறுத்த முடியவில்லை, அக்கா குழந்தை, தேன், நான் சொன்ன வார்த்தை, டீ, பதினோரு நிமிடம், நாலாயிரம், போஸ்ட்டில் எழுதியிருப்பது தப்பு என்பது வரை எல்லாம்.

"அப்ப நீங்க பார்க்கல" என்றார். இல்லைங்க. "பார்த்தவங்க சொல்லியும் டீக்குப் போயிட்டீங்க." ஆமாங்க. அவ்வளவுதான், எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, ஒரு மிஷினுக்குள் எதுவோ சத்தம் போடுகிறதே என்று காது கொடுக்கிறவர் மாதிரி. "இருங்க. டீக்குப் போன ஆளு ஏன் சார் திரும்பி வந்து நிறுத்துனீங்க? அந்தப் பொண்ணு பின்னாடியே வந்துச்சா?" இல்லைங்க, அது மேலேயேதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. "போன் வந்துச்சா?" இல்லைங்க. "அப்புறம்?" ஆசீர் நாற்பது கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்திருந்தான், இது அதில் இல்லை. "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் யாருடனோ போனில் பேசத் தொடங்கினார். நான் யோசிக்கிறேன். டீக்கடை நன்றாகத் தெரிகிறது, கையில் கிளாஸ், பாதி டீ இருக்கிறது, எதிரே எவனோ பைக்கைத் துடைக்கிறான், நான் ஒன்றுமே நினைக்கவில்லை, லேபிளையும் நினைக்கவில்லை, அவளையும் நினைக்கவில்லை… அடுத்து நான் படிக்கட்டில் ஓடுகிறேன், லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. நடுவில் என்ன? யார் சொல்லி எழுந்தேன்? பதினேழு வருடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த எழுந்ததுதான், அதை ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.