நல்ல நேரத்தில் தொடங்கியது

வேதகிரிக்குக் காலையிலிருந்து இதே வேலை. மோடத்தை அணைத்துப் போட்டான், ஒயரைப் பிடுங்கிச் செருகினான், புது ஒயரும் மாற்றினான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவன் நடத்திய பிரவுசிங் சென்டரில் எந்த இணையப் பக்கமும் திறக்காமல் இழுத்தடித்தது. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்கள். போகாதவர்கள் இரண்டு பேர்தான்: திருப்புலிவனத்துப் பக்கம் இருளர் குடியிருப்பிலிருந்து, அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஆண்டியும் அவர் மகள் கலாவும். நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட அன்று மாலை ஐந்து மணியோடு சரி. மூன்று முறை அனுப்பினாள். மூன்று முறையும் பாதியில் அறுந்தது.

"இன்னாண்ணா, ஆவுமா?"

"ஆவும்மா" என்றான். அவனுக்கே நம்பிக்கை இல்லை.

டெலிபோன் லைன்மேன் பஞ்சாட்சரம் வந்து சோதித்துவிட்டு, "லைன் சுத்தமா கீதுபா. உன் பொட்டிதான் பேஜார் பண்ணுது. ஒருவாட்டி அணைச்சிப் போட்டியா?" என்றார்.

"அத்த மட்டும் அணைக்க முடியாதுண்ணா."

இணையத்தைச் சோதித்து ஐந்து கம்ப்யூட்டர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது ஃபயர்வால். அதற்குத் தனிப்பெட்டி வாங்க வக்கில்லாமல், தன் மேசைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஒரு மென்பொருளால் ஏற்பாடு செய்து, ஃபயர்வாலை அதற்குள் குடிவைத்திருந்தான். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வீட்டுக்காரரான மேசைக் கம்ப்யூட்டரே எல்லாத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டால் குடித்தனக்காரரான ஃபயர்வாலுக்கு எங்கிருந்து வரும்? ஃபயர்வாலை விட்டுவிட்டு நேராக இணைக்கலாமென்றால், இணைய இணைப்பின் பாஸ்வேர்டு எழுதிவைத்த காகிதம் எந்தக் குப்பையில் போனதோ.

அணைக்காததற்குக் காரணம் அக்கா ஞானசுந்தரி. சாதிச் சங்கத்து வரன் பட்டியல், முந்நூற்றுச் சொச்சம் ஜாதகம், ஒரு சிடியில் வந்திருந்தது. அத்தனையையும் அவள் ஜாதகத்தோடு பொருத்திப் பார்க்க, காலை ஏழரை மணி நல்ல நேரத்தில் அதே மேசைக் கம்ப்யூட்டரில் ஜாதக மென்பொருளை ஓடவிட்டிருந்தான். நல்ல நேரத்தில் ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தலாமா? அதனால் ஒயரைச் சந்தேகப்பட்டான், மோடத்தைச் சந்தேகப்பட்டான், டெலிபோன் ஆபீசையே சந்தேகப்பட்டான். அந்த ஒன்றை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலரைக்கு வேறு வழியில்லாமல் பார்த்தான். கம்ப்யூட்டரின் உழைப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கை ஜாதகம் விழுங்கிக்கொண்டிருந்தது. ஃபயர்வாலுக்கு மிஞ்சியது இரண்டு. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஞானசுந்தரி பின்னால் வந்து நின்றாள். "இத்தான் எல்லாத்தையும் துன்னுக்கினு கீதா?"

"ஆமாக்கா. இன்னும் நாப்பதுதான் பாக்கி. ஆறு மணிக்கு முடிஞ்சிடும்."

"அந்தப் பொண்ணுக்கு அஞ்சு மணிக்கே முடிஞ்சிடும்டா."

குனிந்து, மவுசை அவன் கையிலிருந்து வாங்கி, தானே மூடினாள்.

கலாவின் பக்கம் மடமடவென்று திறந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் விண்ணப்ப எண் வந்தது. ஆண்டி எட்டிப் பார்த்து, "போய்ட்ச்சாம்மா?" என்றார். "போய்ட்ச்சு நைனா" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர்கள் போனபின் வேதகிரி மெதுவாகச் சொன்னான். "நாளைக்கு நல்ல நேரம் பாத்து திருப்பி ஓட வுடறங்கா."

"வாணாண்டா. எட்டு வருசமா பாத்துக்கினே கீறே. எனக்கு அலுத்துப்போச்சி" என்றாள் ஞானசுந்தரி. சண்டைக்கு வரும் குரல் இல்லை. சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மிஷினுக்குப் பேப்பர் போடப் போய்விட்டாள்.

இந்த எட்டு வருடத்தில் கல்யாணம் வேண்டுமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.